மெல்லச் செல்லும் இரயில்: இன்பமும் இடரும்

ஓர் இரயில் ஏன் மெதுவாகச் செல்கிறது என்று என்றாவது எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? எஞ்சினுக்கு வலு போதாது என்று சொல்லிவிடலாம். அது விடையின் ஒரு சிறு பகுதிதான். பாதையின் ஏற்றம், வளைவு, தண்டவாளங்களின் இடைவெளி, வழியில் நிற்க வேண்டிய ஊர்கள் ஆகிய நான்கும் சேர்ந்துதான் ஒரு வண்டியின் வேகத்தை முடிவு செய்கின்றன.

இதில் ஒரு வியப்பும் உண்டு. வண்டியை மெதுவாக்கும் அதே மலையும் அதே வளைவும்தான் சன்னலோரம் அமர்ந்திருப்பவருக்குக் காட்சியின்பத்தையும் தருகின்றன. ஆகவே மெல்லச் செல்லும் இரயிலின் இன்பமும் இடரும் ஒரே வேரில் முளைத்தவை. இதனைத் தெளிவாக விளக்கிக் காட்டும் பாதை ஒன்று நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. அதுதான் மதுரை – போடிநாயக்கனூர் பாதை.

மலையடிவாரம் வரை வந்த பாதை

தேனி மாவட்டப் படத்தை விரித்துப் பாருங்கள். கிழக்கே மேகமலை, மேற்கே கேரள எல்லையில் ஏலமலைத் தொடர், இடையே முல்லைப் பெரியாறு பாயும் கம்பம் பள்ளத்தாக்கு. பள்ளத்தாக்கின் கிழக்கு ஓரத்தில், மேகமலையின் அடிவாரத்தை ஒட்டி ராயப்பன்பட்டி இருக்கிறது. இங்கிருந்து இரயில் ஏற வேண்டுமானால் உத்தமபாளையம், சின்னமனூர் வழியாகப் பேருந்தில் தேனிக்கோ போடிக்கோ போக வேண்டும். இவ்வளவு வளமான பள்ளத்தாக்கின் நடுவே வராத இரயில், அதன் வடமேற்கு மூலையிலுள்ள போடியில் வந்து நின்றது ஏன்?

விடை மேற்கு மலைகளின் மேல் இருக்கிறது. மூணாறுப் பகுதியில் தேயிலைத் தோட்டங்கள் பெருகியபோது, விளைந்த தேயிலையை மலையிலிருந்து இறக்க ஒரு வழி வேண்டியிருந்தது. 1902-இல் மூணாற்றிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக ஒற்றைத் தண்டவாளப் பாதை அமைக்கப்பட்டது. வண்டியின் பாரம் பெரும்பாலும் ஒரே தண்டவாளத்தின்மேல் இருக்கும். சாய்ந்துவிடாமல் தாங்க, பக்கவாட்டில் ஒரு சக்கரம் தரையில் உருளும். இழுத்துச் செல்பவை மாடுகள்! 1908-இல் இதற்குப் பதிலாக இரண்டு அடி இடைவெளியுள்ள சிறிய இரயில் பாதை போடப்பட்டது.

மலையின் விளிம்பில் அந்தப் பாதை முடிந்த இடத்துக்கு 'டாப் ஸ்டேஷன்' என்று பெயர் வந்தது. இன்றும் சுற்றுலாப் பயணிகள் செல்லும் இடம் அது. ஆனால் அது ஒரு காலத்தில் மெய்யாகவே நிலையமாக இருந்தது என்பதைப் பலர் அறியார். அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவட ஊர்தியில் தொங்கிக்கொண்டு கொட்டகுடிக்கு இறங்கின. கொட்டகுடியிலிருந்து மாட்டு வண்டிகளில் போடி வந்து சேர்ந்தன.

1924 ஜூலையில் பெய்த பேய்மழை மூணாற்றுச் சிறு இரயிலை அடித்துக்கொண்டு போயிற்று. மலையாள ஆண்டு 1099-இல் வந்ததால் கேரள மக்கள் இதனைத் 'தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம்' என்று இன்றும் நினைவுகூர்கின்றனர். அந்தப் பாதை மீண்டும் போடப்படவே இல்லை.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1928-இல், மலைக்குக் கீழே வேறோர் இரயில் வந்தது. தென்னிந்திய இரயில்வே மதுரையிலிருந்து உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியாகப் போடி வரை ஏறத்தாழ 90 கி.மீ. நீளமுள்ள மீட்டர் பாதையைத் திறந்தது. மலையிலிருந்து இறங்கும் தேயிலையும் ஏலக்காயும் வந்து கூடும் இடத்திலேயே பாதையும் முடிந்தது. சரக்கு இருக்கும் இடத்தைத் தேடித்தான் அந்தக் காலத்து இரயில் போயிற்று. மலையின் அழகைக் காட்டுவதற்காக எவரும் அதைப் போடவில்லை.

இலங்கையிலும் இதே கதைதான். காப்பித் தோட்டங்களுக்காக 1867-இல் கொழும்பிலிருந்து கண்டிக்கு இரயில் வந்தது. பின்னர் காப்பிச் செடிகளை நோய் அழிக்க, தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. பாதையும் தோட்டங்களைத் தொடர்ந்து மலைமேல் ஏறி, 1924-இல் பதுளையை எட்டியது. தெமோதரையில் அந்தப் பாதை மலையைச் சுற்றி வளைந்து, தன் நிலையத்துக்கு அடியிலேயே நுழைந்து செல்கிறது. மூணாற்றில் ஒரு தேயிலை இரயில் அழிந்த அதே ஆண்டில் இலங்கையில் மற்றொரு தேயிலை இரயில் நிறைவு பெற்றது. இரண்டு மலைகளிலும் கொழுந்து கிள்ளியவர்களுள் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர்களே.

இரும்பின்மேல் இரும்பு

இனி, மலைப் பக்கம் போனால் இரயில் ஏன் தளர்கிறது என்று பார்ப்போம்.

இரயிலின் பலம் அதன் வழுவழுப்பில் இருக்கிறது. இரும்புத் தண்டவாளத்தின்மேல் இரும்புச் சக்கரம் உருளும்போது தடை மிகக் குறைவு. சமதளத்தில் மெதுவாகச் செல்லும் ஒரு டன் எடையுள்ள இரயில் பெட்டியை நகர்த்திக்கொண்டே இருக்க, இரண்டு மூன்று கிலோகிராம் எடையைத் தூக்கும் அளவுக்கு விசை இருந்தால் போதும். சாலையில் செல்லும் லாரிக்கு இதைப்போல் பல மடங்கு வேண்டும். ஒரே எஞ்சின் நீண்ட சரக்கு வண்டித் தொடரை இழுத்துச் செல்வது இதனால்தான்.

ஆனால் பாதை சற்றே மேல்நோக்கிச் சாயட்டும். 100 மீட்டர் தூரத்தில் 1 மீட்டர் உயரும் ஏற்றத்தை நடந்து செல்லும் மனிதர் உணரக்கூட மாட்டார். அதே ஏற்றத்தில் ஒவ்வொரு டன்னுக்கும் கூடுதலாக 10 கிலோகிராம் விசை வேண்டும். முன்பு 2 அல்லது 3 போதுமாயிருந்தது. இப்போது 12 அல்லது 13 வேண்டும். அதாவது, சமதளத்தில் இழுத்ததைப் போல் நான்கு முதல் ஆறு மடங்கு வரை. எஞ்சினின் திறன் கூடவில்லையே! ஆகவே பாரத்தைக் குறைக்க வேண்டும். அல்லது வேகத்தைக் குறைக்க வேண்டும்.

இதைத் தவிர்க்கவே பொறியாளர்கள் மலையை நேராக ஏறாமல் சுற்றிச் செல்கிறார்கள். சுற்றினால் ஏற்றம் குறையும். ஆனால் வளைவு கூடும். வளைவில் வண்டியைத் திருப்பத் தேவைப்படும் பக்கவாட்டு விசை, வேகத்தின் இருபடியைப் பொறுத்தது. வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். எனவே, கூர்மையான வளைவு வந்தால் ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தே தீர வேண்டும். சன்னல் வழியாக எட்டிப் பார்க்கும் சிறுவன் தன் வண்டியின் எஞ்சினையே கண்டு மகிழ்கிறானே, அந்த மகிழ்ச்சி இந்த வளைவு தந்தது. அந்தத் தாமதமும் அதே வளைவு தந்ததுதான்.

மதுரையைவிடப் போடி ஏறத்தாழ 200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 90 கி.மீ. தூரத்தில் இது பெரிய ஏற்றமன்று. ஆயினும் வழியில் ஆண்டிபட்டிக் கணவாய் குறுக்கிடுகிறது. இருபுறமும் குன்றுகள் நெருங்கி நிற்க, பாறையை வெட்டிய பள்ளத்தின் வழியாகப் பாதை செல்கிறது. கணவாயைக் கடந்ததும் தேனிப் பக்கத்து வயல்களும், அவற்றுக்குப் பின்னே நீல நிற மலைவரிசையும் விரிகின்றன. பாதை கட்டியவர்களுக்குத் தொல்லை கொடுத்த இடமே பயணிகளுக்கு அழகிய இடமாக அமைந்துவிட்டது.

பல்லால் பற்றி ஏறும் வண்டி

ஏற்றம் இன்னும் கடுமையானால் என்ன ஆகும்? அதற்கு நீலகிரி மலை இரயிலைப் பாருங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து 1899-இல் குன்னூருக்கும், 1908-இல் உதகைக்கும் இந்தப் பாதை எட்டியது. 46 கி.மீ. தூரத்தில் 326 மீட்டர் உயரத்திலிருந்து 2,203 மீட்டர் உயரத்துக்கு ஏறுகிறது. கல்லாறு முதல் குன்னூர் வரையுள்ள பகுதியில் 12.5 மீட்டருக்கு 1 மீட்டர் என்ற அளவுக்கு ஏற்றம் உண்டு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இந்த ஏற்றத்தில் டன்னுக்கு 80 கிலோகிராம் விசை வேண்டும். 40 டன் எடையுள்ள எஞ்சின் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். தன்னைத் தானே ஏற்றிக்கொள்ளவே அதற்கு 3,200 கிலோகிராம் விசை தேவை. எஞ்சினின் சக்கரம் வழுக்காமல் செலுத்தக்கூடிய விசைக்கு ஓர் எல்லை உண்டு. தண்டவாளம் உலர்ந்திருந்தால் எஞ்சின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு; மழையில் நனைந்தால் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக்கூடக் குறைந்துவிடும். அப்படியானால் நனைந்த பாதையில் கிடைப்பது 4,000 கிலோகிராம் விசைதான். தனக்கு வேண்டிய 3,200 போக மீதி 800. அதைக் கொண்டு 10 டன் பெட்டி ஒன்றைத்தான் இழுக்கலாம்! மழை ஓயாத மலையில் இப்படி இரயில் ஓட்ட முடியுமா?

எனவே ரோமன் ஆப்ட் என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளரின் முறை கையாளப்பட்டது. இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே பற்கள் வெட்டிய இரும்புப் பட்டைகள் இரண்டு பதிக்கப்பட்டுள்ளன. எஞ்சினின் அடியிலுள்ள பற்சக்கரம் அவற்றில் பொருந்திச் சுழல்கிறது. ஒரு பட்டையின் பல்லும் அடுத்த பட்டையின் பல்லும் நேருக்கு நேராக இல்லாமல் மாறி மாறி அமைந்திருப்பதால், எந்த நொடியிலும் ஒரு பல்லாவது பிடியில் இருக்கும். எஞ்சின் பெட்டிகளுக்குப் பின்னே நின்று தள்ளுகிறது.

இந்தப் பாதுகாப்புக்கு விலை வேகம். பற்பட்டைப் பகுதியில் மணிக்கு 13 கி.மீ.தான். 208 வளைவுகள், 16 குகைகள், 250 பாலங்கள் கடந்து மேலே செல்ல ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகிறது. இறங்க மூன்றரை மணி நேரம். பேருந்து ஏறத்தாழப் பாதி நேரத்தில் உதகையை அடைந்துவிடும். ஆயினும் இந்த இரயிலுக்குத்தான் கூட்டம் காத்திருக்கிறது. 2005-இல் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டது.

கண்ணுக்கு ஏற்ற வேகம்

மெதுவான வண்டியில் காட்சி இனிமையாகத் தோன்றுவது வெறும் மனமயக்கம் என்று நினைக்க வேண்டாம். அதற்கு அறிவியல் காரணம் உண்டு.

ஓடும் பொருளை நம் கண் தொடர்ந்து பார்க்கும்போது விழியும் சீராகத் திரும்புகிறது. நொடிக்கு ஏறத்தாழ 30 பாகை வரை விழி நன்றாகத் தொடரும். அதற்கு மேல் போனால் விழி பின்தங்கி, தாவித் தாவிப் பிடிக்க முயலும். உருவம் தெளிவாக விழாது. இப்போது கணக்கிடுங்கள். மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டியிலிருந்து பார்த்தால், ஏறத்தாழ 10 மீட்டருக்கு அப்பால் இருப்பவை எல்லாம் இந்த எல்லைக்குள் அடங்கும். வேலியோரத்துப் பூ, வரப்பில் நிற்கும் கொக்கு, களத்துமேட்டில் நெல் தூற்றும் பெண், எல்லாவற்றையும் விழி தொடர்ந்து காணும். 110 கி.மீ. வேகத்தில் இந்த எல்லை 58 மீட்டருக்குப் போய்விடுகிறது. அதற்கு உட்பட்டவை வெறும் கோடுகளாக ஓடி மறையும்.

ஆகவே விரைவு வண்டியில் செல்பவர் மலையைப் பார்க்கிறார். மெதுவான வண்டியில் செல்பவர் மலையையும் பார்க்கிறார், மலையடியில் வாழும் மனிதரையும் பார்க்கிறார். நிலவியல், வேளாண்மை, பறவையியல் பயிலும் மாணவர்களுக்கு இதைவிட நல்ல வகுப்பறை கிடைப்பது அரிது. அடுத்த முறை இரயிலில் செல்லும்போது, எவ்வளவு தூரத்துக்கு உட்பட்ட பொருள்கள் மங்கலாகின்றன என்று நீங்களே கவனித்து, வண்டியின் வேகத்தைத் தோராயமாகக் கணித்துப் பாருங்கள்.

மெதுவின் விலை

நாணயத்தின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். விடுமுறைக்குச் செல்பவருக்கு ஐந்து மணி நேரப் பயணம் விருந்து. மதுரை மருத்துவமனைக்குப் போகும் நோயாளிக்கு? தேர்வு எழுதப் போகும் மாணவிக்கு? ஒரு நாள் கூலியை இழந்து செல்லும் தொழிலாளிக்கு?

நிறுத்தங்களை எடுத்துக்கொள்வோம். ஒரு நிலையத்தில் வண்டி இரண்டு நிமிடம் நிற்கிறது. வேகத்தைக் குறைத்து நிற்பதிலும், புறப்பட்டுப் பழைய வேகத்தைப் பிடிப்பதிலும் மேலும் ஒரு நிமிடம் போகிறது என்று கொள்வோம். பத்து நிலையங்களில் நின்றால் அரை மணி நேரம் போயிற்று. அந்தப் பத்து ஊர் மக்களுக்கு அது வசதி; கடைசி ஊர்க்காரருக்கு அது காத்திருப்பு. ஒருவரின் வசதியே மற்றவரின் தாமதம்.

சரக்குக்கும் இது பொருந்தும். ஏலக்காயும் தேயிலையும் உலர்ந்த பொருள்கள். இரண்டு நாள் தாமதமானாலும் கெடா. ஆனால் ராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டி, சுருளிப்பட்டிப் பகுதிகளில் விளையும் பன்னீர்த் திராட்சையை நினைத்துப் பாருங்கள். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பழம் இது. தோல் மெல்லியது, சாறு மிகுந்தது. கொடியிலிருந்து அறுத்த நொடியிலேயே கடிகாரம் ஓடத் தொடங்கிவிடுகிறது. வெப்பத்தில் கிடந்தால் காம்பு காய்ந்து பழம் உதிரும். இத்தகைய பழத்தைப் பயிரிடும் உழவருக்கு மெதுவான வண்டியில் என்ன இன்பம் இருக்க முடியும்? பெட்டி சந்தைக்குப் போய்ச் சேரும் நேரம்தான் அவருக்கு வருமானம்.

இவற்றைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. மெதுவான பாதை, 'வேண்டாத பாதை' என்று எளிதில் எண்ணப்பட்டுவிடும். போடிப் பாதையின் வரலாறே இதற்குச் சான்று.

இரண்டாம் உலகப் போரில் இரும்புக்குத் தட்டுப்பாடு வந்தது. முதன்மைப் பாதைகளில் கை வைக்க முடியாது. எனவே நாட்டின் கிளைப் பாதைகள் சில பெயர்க்கப்பட்டன. 1942-இல் போடிப் பாதையும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. சுதந்திரம் வந்த பின், 1954-இல்தான் அது மீண்டும் உயிர்பெற்றது.

அடுத்த இடைவெளி வேறு வகையானது. மதுரையைச் சுற்றிய மற்றப் பாதைகள் ஒவ்வொன்றாக 1,676 மில்லிமீட்டர் அகலப் பாதைகளாக மாறின. போடிப் பாதை மட்டும் 1,000 மில்லிமீட்டர் மீட்டர் பாதையாகத் தனித் தீவு போல் நின்றது. அதன் பெட்டிகள் மதுரையைத் தாண்டி எங்கும் செல்ல இயலா. அகலப் பாதையாக்கும் பணிக்காக 2010 டிசம்பர் இறுதியோடு போக்குவரத்து நிறுத்தப்பட்டது. கணவாயில் பாறைகளைத் தகர்த்துப் பாதையை அகலமாக்க வேண்டியிருந்தது. பணி ஆண்டுக்கணக்கில் இழுத்தது. 2022 மே மாதத்தில் தேனிக்கும், 2023 ஜூன் 15 அன்று போடிக்கும் இரயில் திரும்ப வந்தது. போடியிலிருந்து சென்னைக்கு நேரடி விரைவு வண்டியும் அன்றே தொடங்கியது.

முதல் இடைவெளி பன்னிரண்டு ஆண்டு. இரண்டாவதும் ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டு. இந்த மலைகளில் குறிஞ்சி பூப்பதும் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறைதான்! 1928 முதல் 2023 வரையிலான 95 ஆண்டுகளில் கால் பங்குக் காலம் போடிக்கு இரயில் இல்லை. அந்த ஆண்டுகளில் வளர்ந்த பிள்ளைகள் தங்கள் ஊர் இரயிலைப் பெரியவர்களின் பேச்சில்தான் கண்டார்கள். மக்களும் சும்மா இருக்கவில்லை. பேருந்துக்கும் லாரிக்கும் பழகிக்கொண்டார்கள். ஒரு முறை பிரிந்த பயணியைத் திரும்ப அழைப்பது, பாதை போடுவதைவிடக் கடினமான வேலை.

காட்சிக்கு ஒன்று, காரியத்துக்கு ஒன்று

சுவிட்சர்லாந்தில் 'கிளேசியர் எக்ஸ்பிரஸ்' என்றொரு வண்டி ஓடுகிறது. 291 கி.மீ. தூரத்தைக் கடக்க ஏறத்தாழ 8 மணி நேரம். 'உலகிலேயே மெதுவான எக்ஸ்பிரஸ்' என்பதையே அது பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது. அந்நாட்டினருக்கு அவசர வேலை என்றால் வேறு விரைவு வண்டிகளும் நல்ல சாலைகளும் உண்டு. வேறு வழி இருக்கும்போது மெதுவான பயணம் நாம் விரும்பி எடுத்துக்கொள்வது. வேறு வழி இல்லாதபோது அது நம்மேல் சுமத்தப்படுவது. இன்பத்துக்கும் இடருக்கும் உள்ள எல்லைக்கோடு இங்கேதான் இருக்கிறது.

நீலகிரி இரயில் தன் மெதுவான நடையாலேயே பிழைத்தது. பள்ளத்தாக்கின் போடி இரயில் விரைவு பெற்றதால் பிழைத்தது. மூணாற்று இரயில் இரண்டுக்கும் வாய்ப்பின்றி வெள்ளத்தோடு போயிற்று. மூன்றும் மலையால் பிறந்தவை. ஆனால் மூன்றின் தலையெழுத்தும் வேறு. ஆகவே 'பழைய மெதுவான இரயில் நல்லதா, புதிய விரைவான இரயில் நல்லதா?' என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. 'யார் செல்வதற்காக, எதை ஏற்றுவதற்காக?' என்று கேட்க வேண்டும்.

திண்டுக்கல்லிலிருந்து கம்பம் பள்ளத்தாக்கின் வழியாகக் குமுளி அடிவாரம் வரை இரயில் வேண்டும் என்ற கோரிக்கை நெடுங்காலமாக எழுந்து வருகிறது. அந்தப் பாதை என்றாவது வந்தால், அதில் காலையில் கல்லூரிக்கும் மருத்துவமனைக்கும் சந்தைக்கும் செல்பவர்களுக்கான விரைவு வண்டிதான் முதலில் ஓட வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில், திராட்சைப் பந்தல்களையும் மேகமலையின் முகில்களையும் பார்த்தபடி செல்ல, மெதுவான வண்டி ஒன்றும் இருக்கட்டும். அதன் சன்னலோரத்தில் நீங்கள் அமர்ந்தால், கண்முன்னே வரும் ஒவ்வொரு வளைவும் ஏன் அங்கே இருக்கிறது என்று பக்கத்தில் இருப்பவருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.